எழுத்தில் வராத பேர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் பாப்பாவும் கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் சுகந்தானே? உன் முதுகுவலி தேவலையா? போன் செய்தால் அக்கா எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாயாம். மணி அடித்தாலே பாப்பா காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். அதனால் அதைக் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வயதுக்குமேல் அவளுக்கு நான் எதைப் புதிதாகப் பழக்க? இனிக் கடிதம்தான். உன் கை பிரசங்கம் எழுதிப் பழகியதுதானே, வலிக்காது.

விஷயம் நாயைப் பற்றி. அவனுக்கு முடியவில்லை. வயிற்றில் கட்டி. மிருக வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சும்மா, வலிக்கு மட்டும் மருந்து தரேன், நிம்மதியாப் போகட்டும்" என்றார். நான் கம்பெனிச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது தையல் மெஷினுக்கு அடியில் என் கால்மாட்டில்தான் படுத்திருக்கிறான். பாப்பா பட்டன் டப்பாவோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டனாக எடுத்து அவன் முதுகில் வைக்கிறாள். ஒன்றும் விழுந்துவிடக் கூடாதே என்று அவன் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறான்.

அவன் பேரை எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பாப்பா வைத்த பேர். அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல். நம் எழுத்து இருநூற்று நாற்பத்தேழில் தேடினாலும் அந்தச் சத்தம் இல்லை. அவள் அதைச் சொன்னால் தெருக்கோடியில் இருந்தாலும் ஓடிவருவான். 'அம்மா' என்று ஒரு தடவை கேட்க நான் காத்துக்கிடந்தேன், கடைசியில் பேச்சு வந்தது நாயைக் கூப்பிட. எனக்குப் பொறாமைதான், போ.

நீ போதகர், அதனால் கேட்கிறேன். மிருகத்துக்கு ஆத்துமா உண்டா? அவன் போனால் ஒரு சின்ன ஜெபம் செய்து புதைக்கலாமா? இயேசப்பாவிடம் போய்விட்டான் என்று பாப்பாவிடம் சொன்னால் தப்பா? அவளுக்கு அதெல்லாம் புரியாது என்பாய். புரியாதவளிடம் பொய் சொல்ல இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா

ஜனவரி 21

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே இருவரும் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, பிரசங்க மேடையில் மட்டும் வலி தெரிவதில்லை. பாப்பாவுக்கு மாமாவின் முத்தங்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் என்னைவிட எப்போதும் கூடுதலாக மார்க் வாங்கியவள் நீ. நாய் வந்தான், படுத்தான் என்று எழுதியிருக்கிறாயே, நம் வாத்தியார் பார்த்தால் பிரம்பைத் தேடுவார். நாய் அஃறிணை, அக்கா. அது வந்தது, அது படுத்தது.

இந்தக் கேள்வியைச் சபையிலும் கேட்பார்கள். படைப்பைச் சொல்லும் அதிகாரத்தைத் திறந்து பார். மிருகங்களை ஜீவஜந்துக்கள் என்கிறது. மனுஷனை மட்டுமே ஜீவாத்துமா என்கிறது. வார்த்தையே வேறு. கர்த்தரை அறிவதும், அவரோடு பேசுவதும், நன்மை தீமையைப் பிரித்துப் பார்ப்பதும் ஆத்துமாவின் வேலை. பேசத் தெரியாத, ஜெபிக்கத் தெரியாத, தன்னைப் படைத்தவரையே அறியாத ஒன்றுக்கு ஆத்துமா இல்லை. மூச்சு நின்றால் அதோடு சரி.

ஆகவே ஜெபம் வேண்டாம். அது விளையாட்டுக் காரியம் ஆகிவிடும். பாப்பாவிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், நாலு நாளில் மறந்துபோவாள். நீதான் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். மெஷினில் குனிந்தே உட்காராதே.

கர்த்தருக்குள் அன்புள்ள தம்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

நாய் போன வாரம் செத்தது. பின்புறம் குழாயடிக்குப் பக்கத்தில் புதைத்தேன். எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டி கொடுத்து உதவினார். நீ சொன்னபடி ஜெபம் எதுவும் செய்யவில்லை.

பாப்பா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது. காஜா வேலை நிறையக் கிடக்கிறது, அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா

மார்ச் 15

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது, பழகிய பிராணி. போன தடவை நான் வந்தபோது அது என் செருப்பை ஒளித்துவைத்ததை இங்கே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாப்பாவுக்காக ஒரு நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கிவிடேன். அதே நிறத்தில் கிடைத்தால் வித்தியாசம்கூடத் தெரியாது அவளுக்கு. அவள் சாப்பாட்டுக்காக வீட்டு ஜெபத்தில் தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. வேலை அதிகமா, இல்லை உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 27

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். என் போன கடிதம் கிடைத்ததா? தபால்காரர் மேல் பழிபோட்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன், இனி முடியாது. உன் தம்பி மனைவி, "நீங்க ஏதோ எழுதியிருக்கீங்க, அதான் அண்ணி பேசலை" என்கிறாள். நான் என்ன எழுதினேன்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நாயை அஃறிணை என்றதற்கா கோபம்? அது சும்மா கேலிக்கு எழுதியது.

இங்கே திடப்படுத்தல் வகுப்பு நடக்கிறது. முதல் திருவிருந்துக்குத் தயாராகும் பிள்ளைகள் பதில்களை மனப்பாடம் செய்துவிட்டு வாசலில் நின்று முணுமுணுக்கிறார்கள். பாப்பா இப்போது சாப்பிடுகிறாளா? இரண்டு வரி போதும், எழுது.

உன் தம்பி

மே 8

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீயும் சுகமாக இரு.

என்ன எழுதினேன் என்று கேட்டாய், சொல்கிறேன். 'பேசத் தெரியாத, ஜெபிக்கத் தெரியாத, தன்னைப் படைத்தவரையே அறியாத ஒன்று.' முதல் தடவை நாயை நினைத்துப் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது எதிரே பாப்பா உட்கார்ந்திருந்தாள். நாய் என்கிற இடத்தில் என் மகளை வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அவள் என்றைக்காவது ஜெபித்தாளா? திடப்படுத்தலுக்குக் கூட்டிப்போனேனே, இங்குள்ள போதகர் ஐயா கேட்ட கேள்விகளுக்குச் சும்மா சிரித்துக்கொண்டு நின்றாள். அறியாமல் திருவிருந்து எடுக்கக் கூடாதும்மா என்று தன்மையாகத்தான் சொன்னார். மற்றவர்கள் எழுந்து போகும்போது பாப்பாவை மட்டும் பெஞ்சில் விட்டுப்போக எனக்குக் கால் வரவில்லை. அன்றிலிருந்து நானும் போனதில்லை. உனக்கு இது தெரியாது, நான் சொன்னதில்லை.

இலக்கணம் சொன்னாயே. எதிர்வீட்டு அம்மா தினமும் என்ன கேட்கிறாள் தெரியுமா? "அது சாப்பிட்டுச்சா? அது தூங்குதா?" நல்லவள்தான், வெறுங்கையோடு வந்து கேட்கமாட்டாள். கடைக்காரர், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண், எல்லாருக்கும் என் மகள் 'அது'. சின்னப் பிள்ளையை 'அது' என்று கொஞ்சுவோம். வளர்ந்தபிறகும் அவள் அதிலிருந்து ஏறி வரவில்லை. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை அவள் என்றேன். அவனையும் அவன் என்றேன். அவனை விட்டுக்கொடுத்தால் அடுத்து அவளைக் கேட்பார்கள் என்ற பயம். கேட்டது நீயாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆதாம் மிருகங்களுக்குப் பேர் வைத்தான் என்று ஞாயிறுப் பள்ளியில் நீதானே படம் வரைந்து பரிசு வாங்கினாய். என் மகளும் ஒருவனுக்குப் பேர் வைத்தாள். அது கணக்கில் வராதா?

அவனைப் பள்ளத்தில் இறக்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னதற்குக் கட்டுப்பட்டு மரம்போல நின்றேன். பாப்பாதான் குனிந்து அவன் பேரைச் சொன்னாள். மறுபடி மறுபடி சொன்னாள். அவன் வரவில்லை. மண்ணைத் தள்ளி மூடினோம். அன்றைக்கு நிறுத்தியவள்தான், இதுவரை அதைச் சொல்லவில்லை. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

சாப்பிடாமல் மெலிந்து, இப்போது அவளுக்கு இருமலும் சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வைத்தியர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். உன் கணக்குப்படி என் மகளுக்கு ஆத்துமா இருக்கிறதா? அவள் எனக்கு முன்னால் போய்விட்டால் நான் அவளை எங்கே போய்த் தேடுவது?

அக்கா

மே 22

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்கு இருமல் இருந்தால் ராத்திரி தலையணையை உயர்த்தி வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. படித்தார். மறுபடி படித்தார். என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். நான் படித்து முடித்துப் போனபோது, "நான் பாப்பாவை நினைக்கவே இல்லம்மா. எழுதும்போது அவ எனக்கு ஞாபகத்துக்கே வரலை" என்றார். அண்ணி, அவர் உங்கள் மனசை நோகடிக்க எழுதவில்லை என்று சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். ஞாபகத்துக்கே வரவில்லை என்பது அதைவிட மோசம் இல்லையா என்று எனக்கே தோன்றிவிட்டது.

திடப்படுத்தல் வகுப்புக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்துவிட்டார். தினமும் உங்களுக்கு எழுத உட்காருகிறார், கிழித்துப் போடுகிறார். கூடையை நான்தான் காலி செய்கிறேன். பதில் தாமதமானால் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள் அண்ணி.

அன்புடன், உங்கள் தம்பி மனைவி

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? பாப்பாவின் நெஞ்சு எப்படி இருக்கிறது? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நீ நேராகக் கேட்டாய். பாப்பாவுக்கு ஆத்துமா இருக்கிறது. உனக்கும் எனக்கும் இருப்பதைப் போலவே இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு என் விளக்கத்தில். அது வாய் உள்ளவன் தனக்கு வசதியாக எழுதிக்கொண்ட விளக்கம். கர்த்தரை நாம் அறிந்திருப்பதா பெரிது? அவர் நம்மை அறிந்திருப்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது யார் ஜெபித்தோம்? அப்போதே அவருக்கு நம்மைத் தெரியும் என்று எத்தனை ஞானஸ்நானத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு இறங்கிவந்து காபி குடித்திருக்கிறேன்.

நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேத கல்லூரியில் எபிரெயம் சொல்லித்தந்த வாத்தியாருக்கு எழுதிக் கேட்டேன். ஜீவஜந்து, ஜீவாத்துமா என்று நான் பெரிதாகப் பிரித்துக் காட்டினேனே, மூலத்தில் அந்த இரண்டு இடத்திலும் ஒரே சொல்தானாம். தமிழில்தான் இரண்டாக்கியிருக்கிறார்கள், வகுப்பில் தூங்கினாயா என்று கேட்டிருக்கிறார். அதனால் நாய்க்கும் நம்மைப்போல நித்திய ஜீவன் உண்டு என்று ஆகிவிடாது. இல்லை என்றும் ஆகிவிடாது. எனக்குத் தெரியாது, அக்கா. இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இவ்வளவு காகிதம் வீணாயிற்று. ஆனால் யோனாவின் கதை முடிவில், அந்தப் பெரிய பட்டணத்துக்காகப் பரிதபிக்கும்போது கர்த்தர் அங்கிருந்த மிருகங்களையும் சேர்த்துச் சொல்கிறார். பிரசங்கத்தில் அந்த இடத்தை எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். அவர் தாண்டவில்லை.

அவனுக்கு ஜெபம் செய்ய வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மன்னித்துக்கொள். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன், லீவு சொல்லிவிட்டேன். திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் எடுத்துவருகிறேன். முன்னறையில் உன் மெஷின் பக்கத்திலேயே இரண்டு பேருக்கும் தருகிறேன். ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. அவன் பேரை எப்படிச் சொல்வது? எழுத வராது என்றாய், செய்முறையாவது எழுது. நான் வந்து பாப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டும்.

உன் தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காகிதத்தின் ஓரத்தை நக்கிப் பார்த்தாள், நல்ல அடையாளம் என்று வைத்துக்கொள்.

எனக்கு உடம்பு பரவாயில்லை. அவளுக்கு இருமல் விட்டபாடில்லை. பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டினால் இரண்டு வாய் இறங்குகிறது. ஆனால் ராத்திரி கொஞ்சம் தூங்கினேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

நேற்று சாயங்காலம் குழாயடியில் போய் நின்று ஜெபம் செய்தேன். பாத்திரம் கழுவ வந்தவள் மாதிரிதான் நின்றேன், பக்கத்து மாடியிலிருந்து பார்க்கிறார்களே. ஆண்டவரே, இவன் என் பிள்ளைக்குத் துணையாக இருந்தான், உமக்குத் தெரியும் என்றேன்.

செய்முறை கேட்டாய். மூச்சை மூக்கால் இழு. இழுத்ததை வெளியே விடாதே. உதட்டை இறுக்க மூடி, தொண்டைக்குள் 'ம்' மாதிரி ஒரு முக்கல். அப்புறம் உதட்டைப் பட்டென்று திற, ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரு முத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி. கண்ணாடி முன்னால் நின்று பழகு. ஆகஸ்ட் தூரமாகத் தெரிகிறது. முடிந்தால் முன்னாலேயே வா.

உன் அக்கா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பாப்பாவுக்கு இந்த வாரம் எப்படி? வைத்தியர் சொல்வதை விடாமல் எழுது. சபையில் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டுவிட்டேன், ஆகஸ்ட் இருபதுக்கு முன்னால் கிளம்ப வழியில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று.

அவன் பேரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் எனக்கு விக்கல் என்று இவள் தண்ணீர் கொண்டுவந்தாள். சபைக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும்போது என்னை அறியாமல் செய்துவிட்டேன் போல, செயலாளர், "ஐயாவுக்கு மூச்சு அடைக்குதா?" என்று எழுந்துவிட்டார். சரியாக வருகிறதா இல்லையா என்று சொல்ல இங்கே ஆளில்லை. பாப்பாதான் திருத்த வேண்டும். எனக்காகக் காத்திருக்கச் சொல்.

உன் தம்பி

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் தூங்கினாயா? உன் மனைவி கொடுத்தனுப்பிய போர்வை இங்கேயே இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீ கவலைப்படாதே.

இப்போது போன் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், பேசினால் அழுதுவிடுவேன். அன்று காலை அலமாரியிலிருந்து அதை எடுத்து மாட்டியபோது முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "போன் மாட்டிட்டியா அக்கா, பாப்பா பயப்படலையா?" என்று எவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டாய். நீ டிக்கெட் எடுத்திருந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்காக உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

நீ இங்கே இருந்தபோது சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ராத்திரி அவள் காதோரம் நானே அந்தப் பேரைச் சொன்னேன். அவள் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் கண்ணை வாசல் பக்கம் திருப்பினாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்த்தாள் என்று உன்னிடம் கேட்கமாட்டேன், உனக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் முன்னறையில் எனக்குத் திருவிருந்து கொடுத்தாயே. இத்தனை வருஷம் கழித்து. அப்பத்தில் பாதியைப் பிட்டு முந்தானையில் முடிந்துகொண்டேன். நீ பார்த்தாய், பார்க்காதவன்போல ஜெபத்தைத் தொடர்ந்தாய். அது போதும் எனக்கு. பட்டன் டப்பாவை இன்னும் எடுத்துவைக்கவில்லை, தரையிலேயே இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மா நேற்று வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ போயிட்டா இல்ல" என்றாள். அவ என்றாள், தம்பி. இருக்கும்போது ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்புறம் கல்லறையைப் பற்றி. புத்தகத்தைப் பார்த்து அவள் பேரைச் சொல்லி, இவளுடைய ஆத்துமாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் என்று வாசித்தாய். அத்தோடு முடியவேண்டியது. நீ புத்தகத்தை மூடிவிட்டு மூக்கால் மூச்சை இழுத்து, அந்த இன்னொரு பேரையும் சொன்னாய். போதகருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ சரியாகச் சொல்லவில்லை. கடைசியில் உதட்டைத் திறக்க அவசரப்பட்டுவிட்டாய். இருந்தாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

உன் அக்கா